சொல் கேட்ட பிள்ளை

"ஒரு செம்பு தண்ணி இருந்தாக் குடுங்க, சித்தி. குளிப்பாட்டணும்."

இடுப்பில் குடத்தோடு நின்ற குருவம்மாளை பக்கத்து வீட்டு சுடலையம்மாள் ஒருமுறை பார்த்தாள். உள்ளே போய், மூடி வைத்திருந்த அண்டாவைத் திறந்தாள். செம்பு அண்டாவின் அடியில் உரசும் சத்தம் வாசல்வரை கேட்டது. எண்பத்தேழாம் வருஷத்துக் கோடை அது. ராஜபாளையத்தின் அந்த ஓரத்துத் தெருவில் குழாயில் தண்ணீர் வந்து ஒரு வாரத்துக்கு மேலாகியிருந்தது. எல்லா வீட்டு அண்டாவிலும் அடிதான் தெரிந்தது. ஆனாலும் ஒரு வீட்டில்கூட இல்லை என்று சொல்லவில்லை. ஒரு வீட்டில் அரைச் செம்பு, ஒரு வீட்டில் சோறு வடிக்க வைத்திருந்த தண்ணீர்.

தண்ணீரில் செத்தவளைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. குருவம்மாளுக்கு அழுகை வரவில்லை. தாடை வலித்தபோதுதான் தான் காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

முத்துப்பேச்சி அவளுடைய ஒரே தங்கை. ஆறாம் வகுப்பு. முழுப் பரீட்சைக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, யூனிபாரத்தைத் துவைக்கத் தெருவுக்குப் பின்னாலிருந்த கண்மாய்க்குப் போனாள். கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தது. பால்ச்சாமியின் செங்கல் காளவாசலுக்கு மண் அள்ளிய குழிகளில் மட்டும் தண்ணீர் நின்றது. மதியம் வரைக்கும் அவள் திரும்பவில்லை. சாயங்காலம் ஆண்கள் கயிறு கட்டி இறங்கினார்கள். துவைத்த பாவாடை கரையில் ஒரு கல்லின்மேல் காய்ந்து கிடந்தது. மேலே தூக்கியபோதும் சட்டையை அவள் கையில் பிடித்திருந்தாள்.

குடத்தோடு வீட்டுக்குத் திரும்பியபோது தெருவில் ஒரு மாட்டுவண்டி நின்றது. வண்டியில் பெரிய தகர பீப்பாய். தண்ணீர் ததும்பி வழிந்து மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. தெருப் பெண்கள் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பால்ச்சாமி மொதலாளி குடுத்துவிட்டாக. காரியத்துக்கு வேணும்னு" என்றான் வண்டிக்காரன்.

"எங்க மோந்தது?"

அவன் மாட்டின் கழுத்தைத் தடவினான்.

"ஒன்னியத்தான் கேக்குதேன். எங்க மோந்தது?"

"கண்மாய்லதான் ஆத்தா. வேற எங்க கெடக்கு தண்ணி?"

"வண்டியத் திருப்பு."

"மொதலாளி கேட்டா நான் என்ன சொல்ல?"

"எந்தங்கச்சி வேண்டிய மட்டும் குடிச்சிட்டாளாம்னு சொல்லு."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் விம்மினாள். அப்பா சிவனாண்டி வாசலில் உட்கார்ந்திருந்தார். மில்லில் பஞ்சுப் பொதி தூக்குகிறவர். தோள் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏன் திருப்பச் சொன்னாய் என்று கேட்பார் என்று குருவம்மாள் நினைத்தாள். அவரோ வண்டி திரும்ப இடைஞ்சலாக நின்ற சைக்கிளை எழுந்துபோய் நகர்த்தி வைத்தார்.

ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துச் சுற்றிக் கொடுத்த துணியைப் பிரிக்க வேண்டாம் என்று ஆண்கள் சொல்லியிருந்தார்கள். முகத்தையும் காலையும் மட்டும் கழுவினார்கள். அம்மா கருத்தம்மா, இரண்டு பெண்கள் பிடித்திருக்க, மகளின் பாதத்தில் மஞ்சள் தேய்த்தாள். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒப்பாரி வைத்த பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதபோதும் வெறுமனே அவர்கள் தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேசியதெல்லாம் ஊர்தான்.

"பொட்டப்புள்ளைக்கு அந்தக் குழிகிட்ட என்ன சோலி?"

"அடங்கி இருக்குற புள்ளைதானே அது? என்னமோ ஆட்டம் போட்டிருக்கும்."

ஸ்டேஷனிலும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். விளையாடப் போன இடத்தில் கால் தவறி. அப்பா அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவரிடம் யாரும் வாசித்துக் காட்டவில்லை.

எடுக்கிற நேரத்தில் பால்ச்சாமி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ரோஜா மாலை. கூட்டம் தானாக வழி விட்டது. ஊரில் அவருக்குக் காளவாசலும் இருந்தது, ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கும் நற்பணி மன்றமும் இருந்தது. மாலையை வைத்துக் கும்பிட்டார். சிவனாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனச விட்டுராதிய சிவனாண்டி. புள்ளையளக் கண்டிச்சு வளக்கணும்னு இதுக்குத்தான் சொல்லுதது. இப்ப சொல்லி என்ன செய்ய?"

அப்பா கையை உருவிக்கொள்ளவில்லை. குருவம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். சுடலையம்மாள் அவள் முழங்கையை இறுகப் பிடித்தாள்.

"இப்ப வேண்டாம்ட்டி. புள்ள போகட்டும்."

பிள்ளை போனது. கல்யாணமாகாதது என்பதால் எரிக்காமல் புதைத்தார்கள்.

*

பால் ஊற்றிவிட்டு வந்த மறுநாள் சாயங்காலம் சோலைராஜ் வாத்தியார் வந்தார். முத்துப்பேச்சிக்குத் தமிழ் எடுத்தவர். இளவயது. சைக்கிளை ஸ்டாண்டு போடும்போதே அவர் கண் சிவந்திருந்தது. பாயை விரித்தும் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"லீவு வரப் போகுது. புள்ளைய எல்லாம் கெணறு, கண்மாய்னு கெளம்பிரும். அதுக்கு முந்தி ஸ்கூல் ஸ்கூலா ஒரு நோட்டீஸ் குடுக்கலாம்னு மன்றத்துல முடிவாச்சு. செலவு அவியளே ஏத்துக்கிடுதாக. பேச்சி போட்டோவையும் போட்டா புள்ளைய மனசுல பதியும். அதான் ஒங்ககிட்டக் கேக்கலாம்னு..."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். வகுப்பில் வாசிப்பதுபோல நிறுத்தி வாசித்தார்.

"அன்புக் குழந்தைகளே! பெற்றோர் சொல் கேளாமல் நீர்நிலைகளுக்குச் செல்லாதீர். விளையாட்டு வினையாகும்..."

"வாத்தியாரே."

எல்லோரும் திரும்பினார்கள். சுவரில் சாய்ந்திருந்த கருத்தம்மாவின் குரல் கரகரத்தது.

"ஏம் புள்ள சொல் கேட்டுத்தான் போச்சு."

வாத்தியார் கையில் தாள் அப்படியே நின்றது.

"எனக்கு ஞாயித்துக்கெழமையும் தறி வேலை. காலைல போம்போது நாந்தான் சொன்னேன். நாளைக்குப் பரிச்சை, யூனிபாரத்த அலசிப் போடு, அழுக்கோட போகாதன்னு. கொழாயில தண்ணி வரல. கண்மாய்க்குத்தான் போகணும்னு எனக்கும் தெரியும், அதுக்கும் தெரியும். பொறவு போறேம்மான்னுச்சு. நான் சோம்பேறின்னு வஞ்சேன். எந்திரிச்சுப் போச்சு." அவள் மூச்சு வாங்கினாள். "சொல் கேக்காம இருந்திருந்தா, இந்நேரம் இருந்திருக்கும்."

 சுடலையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

வாத்தியார் தாளை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார்.

"எனக்குத் தெரியாதுக்கா. எல்லாரும் வெளையாடப் போச்சுன்னுதான்..." என்றவர் குருவம்மாள் பக்கம் திரும்பினார். "நோட்டீஸ் நீ வேலை பாக்குற பிரஸ்லதாம்மா அடிக்கச் சொல்லியிருக்கு. நீயே எழுதிரு. எப்படி வரணுமோ அப்படி எழுது. நான் மன்றத்துல பேசிக்கிடுதேன்."

"போட்டோ வேண்டாம் சார்" என்றாள் குருவம்மாள்.

*

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்குப் போகிற தெருவில் சேக் முகைதீன் பாயின் அச்சகம் இருந்தது. குருவம்மாள் அங்கே எழுத்துக் கோக்கிறவள். பெட்டியின் அறைகளிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தலைகீழாக அடுக்குவாள். கல்யாணப் பத்திரிகை, கோர்ட் நோட்டீஸ், பால்கோவாக் கடை லேபிள், கருமாதிக் கடிதாசி எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போகும். காரியம் முடிவதற்கு முன்பே அவள் வேலைக்கு வந்து நின்றதை பாய் பார்த்தார். தன் டீயை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நோட்டீஸை அவள் வெள்ளைத் தாளில் முதலில் வரைந்து பார்த்தாள். யார் வாசிக்கப் போகிறார்கள் என்று நினைத்தபோது முத்துப்பேச்சிதான் மனசில் வந்தாள். பஸ்ஸில் எழுதியிருப்பதை, கடைப் பலகையை, பொட்டலம் கட்டிய காகிதத்தை விரல் வைத்துச் சத்தமாக வாசிக்கிறவள். நீளமான வரி வந்தால் பாதியில் விட்டுவிட்டு ஓடிவிடுவாள். அதனால் வரிகள் குட்டையாக இருக்க வேண்டும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். 'நீர்நிலை' என்று எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. கண்மாய், கிணறு, குழி என்றே போட வேண்டும்.

அச்சகத்தில் இருந்த பழைய படங்களில் தாமரையும் குத்துவிளக்கும் குதிக்கிற டால்பினும்தான் இருந்தன. அவளே வரைந்தாள். நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டு படம். இடது பக்கத்தில் கண்மாய்: கரை சாய்ந்து சாய்ந்து தண்ணீருக்குள் இறங்கியது, ஒரு பெண்பிள்ளை கணுக்கால் தண்ணீரில் நின்றாள். வலது பக்கத்தில் குழி: கரை வந்த வேகத்தில் நின்று, நேராகக் கீழே விழுந்தது. அந்தப் பக்கத்தில் ஆள் யாரையும் அவள் வரையவில்லை. பென்சிலை எடுத்தாள், வைத்தாள். அவ்வளவுதான்.

படத்தை பஸ்ஸில் சிவகாசிக்குக் கொடுத்துவிட்டு, அதை அச்சிடும் பிளாக் செய்து வருவதற்குள் எழுத்துகளைக் கோத்தாள்.

*கண்மாய்க்குச் சரிவு உண்டு. குழிக்குச் சரிவு கிடையாது. அடுத்த அடியே ஆழம்.*

*ஈரக் களிமண் வழுக்கும். ஏறி வர முடியாது.*

*துணி துவைக்க, தண்ணீர் எடுக்க யார் சொன்னாலும் தனியாகப் போகாதே. 'தனியாகப் போகமாட்டேன்' என்று சொல். அது தப்பில்லை.*

*யாராவது விழுந்தால் நீ குதிக்காதே. கம்பை நீட்டு. தாவணியை வீசு. கத்து.*

கடைசியில் கொஞ்சம் இடம் விட்டு, தலைப்புக்கு வைத்திருந்த பெரிய எழுத்தில் ஒரு வரி கோத்தாள்.

*பெரியவர்களுக்கு: குழியை வெட்டியவர்கள் மூட வேண்டும்.*

பாய் புரூஃபைக் கண்ணாடி போட்டு வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"கடைசி வரி..."

"இருக்கட்டும் பாய்."

"எனக்கென்ன, இருக்கட்டும். காசு குடுக்குறவுக பாக்கணும்ல."

காசு கொடுக்கிறவர் மறுநாளே வந்தார். பால்ச்சாமி நாற்காலியில் உட்கார்ந்து, புரூஃபைத் தொடைமேல் விரித்து, உதட்டை அசைத்து அசைத்து வாசித்தார். கோபப்படவில்லை. குரல்கூட உயரவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. படம் ஜோரு. ஆனா பாருங்க பாய், புள்ளைகளுக்கான நோட்டீஸ்ல பெரியாளுக்கு என்ன வேலை? அதை எடுத்துருங்க. அந்தத் துணி துவைக்கிற சமாச்சாரமும் வேண்டாம். பெத்தவுக சொன்னா மாட்டேன்னு சொல்லுன்னு நாமளே சொல்லிக் குடுக்கலாமா? வாத்தியார் மொதல்ல எழுதுன மாதிரி, பெற்றோர் சொல் கேளுன்னு போடுங்க."

எழுத்துப் பெட்டிக்கு முன்னாலிருந்து குருவம்மாள் திரும்பினாள்.

"குழிய எப்ப மூடுவிய?"

அப்போதுதான் அவளைப் பார்த்தவர்போல அவர் முகத்தில் ஒரு வருத்தம் வந்து உட்கார்ந்தது.

"நீ சிவனாண்டி மகள்லா? ஒன் வருத்தம் எனக்குத் தெரியுது தாயி. நானும் புள்ளைகுட்டிக்காரன்தான். ஆனா ஒண்ணு, நான் களவாண்டு மண் அள்ளல. முறையா ஏலம் எடுத்துத்தான் வெட்டுதேன்."

"மண்ண ஏலம் எடுத்தீய. சரி. குழிய யாரு ஏலம் எடுத்தா? நாங்களா?"

"பேச்சு நீளுது."

"ஒரு முள்ளு வெட்டிப் போட்டிருக்கலாம்ல சுத்தி? அதுக்கு எம்புட்டு ஆயிரும்? மாலை வாங்குன காசு ஆகுமா?"

"குருவம்மா" என்றார் பாய் மெதுவாக.

"இல்ல பாய், கேக்கட்டும். அவிய நோட்டீஸ்ல எந்தங்கச்சி சொல் பேச்சுக் கேக்காத புள்ளைன்னு வரணுமாம். அவ சொல் கேட்டுப் போனவ. எங்கம்மா துவைக்கச் சொல்லித்தான் போனா."

பால்ச்சாமி எழுந்தார். புரூஃபை நான்காக மடித்து மேஜைமேல் வைத்தார்.

"அப்பம் நீ கேக்க வேண்டியது என்னைய இல்ல தாயி. ஒங்க ஆத்தாளக் கேளு."

கோத்து முடித்த எழுத்துகள் நூல் சுற்றித் தகரத் தட்டில் இருந்தன. குருவம்மாள் நூலை அறுத்ததும் தட்டைத் தூக்கியதும் பாய்க்குத் தெரியவில்லை. சத்தம்தான் கேட்டது. ஈய எழுத்துகள் சிமெண்டுத் தரையில் கொட்டி, மேஜைக்கடியில், மிஷினுக்கடியில், வாசல்வரை சிதறி ஓடின. சில பால்ச்சாமியின் வேட்டியில் பட்டு மையை அப்பிவிட்டு விழுந்தன. அவர் குனிந்து வேட்டியைப் பார்த்தார். விரலால் துடைத்தார். மை இழுத்துக்கொண்டு பரவியது.

"இந்தப் புள்ளைய வச்சுக்கிட்டா கடை நடத்தப் போறீரு?"

சேக் முகைதீன் பாய், அவர் கொண்டுவந்திருந்த வாத்தியாரின் பழைய தாளை மேஜையிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டினார்.

"கடை என் பாடு அண்ணாச்சி. நீங்க சிவகாசிக்குப் போங்க. கலர்லயே அடிச்சுத் தருவாக."

அவர் போனார். பாய் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து, வேட்டியை மடித்துக் கட்டித் தரையில் உட்கார்ந்தார். சாயங்கால பஸ்வரை இரண்டு பேரும் எழுத்துப் பொறுக்கினார்கள்.

*

சிவகாசியில் கலரில்தான் அடித்திருந்தார்கள். பரீட்சை முடிந்து லீவு விட்ட அன்று மத்தியானம் சுடலையம்மாளின் மகள் அதைக் கையில் விசிறிக்கொண்டே தெருவுக்குள் ஓடி வந்தாள். முத்துப்பேச்சியோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். வழவழப்பான தாள். நீலத் தண்ணீர். அரைக்கால் சட்டை போட்ட ஒரு பையன் கையைத் தூக்கிக்கொண்டு மிதந்தான். மேலே ஒரு மூலையில் வட்டத்துக்குள் பால்ச்சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார். வாத்தியாரின் பேரைக் காணோம். அவர் அன்றைக்கு லீவு போட்டுவிட்டார் என்றாள் பிள்ளை.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் கருத்தம்மா. அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"வேண்டாம்மா. விடு."

"வாசிட்டி."

குருவம்மாள் வாசித்தாள். முதல் வரியே அதுதான். பெற்றோர் சொல் கேட்டு நடப்போம், பேராபத்தைத் தவிர்ப்போம். மிச்சத்தையும் வாசித்தாள். கண்மாய் என்றோ குழி என்றோ அதில் எங்கும் இல்லை.

கருத்தம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். பையனைப் பார்த்தாள். வட்டத்துக்குள் கும்பிடுகிறவரைப் பார்த்தாள். தாளை அந்தப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். கூரைச் செருகலிலிருந்து அரிவாளை உருவினாள். வாளியையும் கிணற்றுக் கயிற்றையும் எடுத்துக்கொண்டாள்.

"எங்கம்மா போற?"

கருத்தம்மா தெருவுக்குப் பின்னால் நடந்தாள். வெயில் கொளுத்தியது. வெடித்த கண்மாய்க்குள் இறங்கி, குழிகளைச் சுற்றி மண்டிக் கிடந்த கருவேலத்தை வெட்டத் தொடங்கினாள். கொப்பை மிதித்து, கொத்தாக இழுத்து, குழியின் விளிம்பில் போட்டாள். முள் கையைக் கிழித்தது. சேலையைக் கிழித்தது. குருவம்மாளும் இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் பின்னால் இன்னொரு அரிவாள் சத்தம் கேட்டது. அப்பா. மில்லுக்குப் போகிற சட்டையைக்கூடக் கழற்றாமல் வெட்டிக்கொண்டிருந்தார்.  ஒரு குழியை அடைத்து அடுத்த குழிக்கு வந்தபோது கரைமேல் காளவாசல் ஆள் ஒருவன் வந்து நின்றான். பார்த்தான். திரும்பிப் போனான்.

வெயில் இறங்குகிற வேளையில் கரையிலிருந்து ஒரு சின்ன உருவம் இறங்கி வந்தது. சுடலையம்மாளின் மகள். தலையில் துணி மூட்டை. முள்வேலியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"எங்கட்டி வந்த?" என்றாள் கருத்தம்மா.

"தொவைக்க, பெரியம்மா. கொழாயில இன்னும் தண்ணி வரல. அம்மா..."

கருத்தம்மா அவள் தலையிலிருந்து மூட்டையை இறக்கினாள். "அங்கன போய் நில்லு. கரை மேல. இங்க வரப்படாது" என்றாள். வாளியில் கயிற்றைக் கட்டி, முள்ளுக்கு இந்தப் பக்கமே நின்று, குழிக்குள் வீசித் தண்ணீர் இழுத்தாள். தூரத்தில் ஒரு கல்லைப் புரட்டிப் போட்டு, மூட்டையைப் பிரித்து, பிள்ளையின் யூனிபாரச் சட்டையை நனைத்து அடிக்கத் தொடங்கினாள்.

முதலில் மெதுவாகத்தான் அடித்தாள். பிறகு கையை ஓங்கி, உடம்பையே வளைத்து அடித்தாள். தண்ணீரும் அவள் கையிலிருந்த ரத்தமும் தெறித்தன. அந்தச் சத்தம் வறண்ட கண்மாய் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. சிவனாண்டி அரிவாளைக் கீழே போட்டுவிட்டு நின்றார்.

கரைமேல் நின்ற பிள்ளை கையைப் பிசைந்தாள். பொறுத்துப் பார்த்துவிட்டு, பயந்த குரலில் கூப்பிட்டாள்.

"பெரியம்மா, மெதுவா. கிழிஞ்சிரும்."